அகழாய்வுக் கரண்டி: பிடிப்பது எப்படி, சீவுவது எப்படி

அகழாய்வு என்றாலே பத்திரிகைப் படங்களில் ஒருவர் பிரஷ்ஷும் கையுமாகக் குனிந்து உட்கார்ந்திருப்பார். குழிக்குள் பிரஷ்ஷுக்கு அவ்வளவு வேலை கிடையாது. கல்லோ செங்கலோ வெளிப்பட்ட பிறகு, அதுவும் மண் காய்ந்திருந்தால், புகைப்படம் எடுக்கும் முன் கொஞ்ச நேரம் எடுப்பார்கள். காலை முதல் மாலை வரை கையை விட்டு இறங்காதது ஒரு சின்னக் கொத்தனார் கரண்டி.

கட்டட வேலையில் பார்க்கிற அதே கரண்டிதான். ஆனால் சாந்து அள்ளிப் பூசும் பெரிய கரண்டி இல்லை. செங்கல் இடுக்குகளில் சாந்து அடைக்க, பாயிண்டிங் வேலைக்கு வைத்திருக்கும் சிறியது. தகட்டின் நீளம் 4 அங்குலம், மிஞ்சினால் 5 அங்குலம். ரோமானியக் கொத்தனார்கள் வைத்திருந்த கரண்டியும் ஏறக்குறைய இதே மாதிரிதான். பிரிட்டனில் ரோமானியர் காலக் குடியிருப்புகளைத் தோண்டும்போது அப்படிப்பட்டவை கிடைத்திருக்கின்றன. கரண்டியால் கரண்டியை எடுத்திருக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தோண்டுவதற்கு மண்வெட்டி இருக்கிறது, கடப்பாரை இருக்கிறது. கரண்டியின் வேலை மண்ணின் மேற்பரப்பை மெல்லச் சீவி, அடியில் இருக்கும் நிறமாற்றத்தைக் கண்ணுக்குக் காட்டுவது. நுனியால் குத்திக் கிளறுகிறவர் கையில் அது ஒரு மட்டமான கடப்பாரை, அவ்வளவே.

ஆழம் மட்டும் காலத்தைச் சொல்லாது

ஒரே இடத்தில் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தால் தரை உயர்ந்துகொண்டே போகும். அடுப்புச் சாம்பல், இடிந்த சுவர், மேலே போட்ட புதுத் தளம், வெள்ளம் கொண்டுவந்த வண்டல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். இவற்றை மண்ணடுக்குகள் என்கிறோம். கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. பாடம் இதோடு முடிந்திருந்தால் மண்வெட்டியே போதும்.

சிக்கல் என்னவென்றால், மனிதர்கள் குழி வெட்டுகிறார்கள். தானியக் குழி, குப்பைக் குழி, கிணறு, பந்தல்கால் நட்ட குழி. நூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டிய குப்பைக் குழி இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தளத்தையும் துளைத்துக்கொண்டு இறங்கியிருக்கும். அதற்குள் கிடக்கும் கண்ணாடி வளையல் துண்டு, பக்கத்திலேயே பழைய தளத்தில் கிடக்கும் கருப்பு-சிவப்புப் பானை ஓட்டின் ஆழத்தில்தான் இருக்கும். ஆழத்தை மட்டும் அளந்து குறித்தால் இரண்டும் ஒரே காலம் என்று ஆகிவிடும்.

குழியின் ஓரம் எங்கே என்று தெரிந்தால்தான் இதைப் பிரிக்க முடியும். ஓரம் என்பது பெரும்பாலும் ஒரு நிறக்கோடுதான்: உள்ளே சாம்பல் கலந்த, இளகிய, கொஞ்சம் கருத்த மண், வெளியே இறுகிய மஞ்சள் மண். மண்வெட்டி கட்டி கட்டியாகப் பெயர்க்கும்போது அந்தக் கோடு உடைந்து கலந்துவிடும். கரண்டி ஓரத்தால் வழவழவென்று சீவிய பரப்பில் அது தெரியும்.

கடப்பாரையிலிருந்து கரண்டிக்கு

துருக்கியில் உள்ள ஹிசார்லிக் மேட்டில் 1871 முதல் 1873 வரை ஹைன்ரிக் ஷ்லீமன் வெட்டிய பெரும் பள்ளம் எல்லாப் பாடங்களிலும் வரும். பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய டிராய் நகரம் அடியில்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில், கூலியாட்களை வைத்து மேட்டின் குறுக்கே வெட்டிக்கொண்டு போனார். அவர் டிராயை ஆண்ட பிரியம் என்ற மன்னனின் நகரம் என்று அறிவித்த, கீழிருந்து இரண்டாம் அடுக்கு, ஹோமர் சொல்லும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது என்று பின்னால் தெரிந்தது. பொருந்தக்கூடிய காலத்து அடுக்குகள் மேலே இருந்தன. அவற்றில் ஒரு பகுதியை அவருடைய ஆட்கள் ஏற்கெனவே வெட்டி வெளியே கொட்டியிருந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான ஆள் பிட்-ரிவர்ஸ். ராணுவ அதிகாரி. 1880-இல் இங்கிலாந்தின் கிரான்போர்ன் சேஸ் பண்ணை அவருக்கு வந்து சேர்ந்தது. அங்கே தோண்டியபோது அழகான பொருள்களோடு சாதாரண ஓடு, எலும்புத் துண்டுகளையும் கிடந்த இடத்தோடு பதிவு செய்தார். குழியை மூடுமுன் அடியில் ஒரு சின்னப் பதக்கத்தைப் போட்டு வைப்பார். பின்னால் தோண்டுகிறவர், இங்கே முன்பே ஒருவர் வந்துபோயிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக.

உலகம் முழுக்கக் கரண்டிதான் ஆண்டது என்று நினைத்துவிடக் கூடாது. எகிப்தில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி பழக்கிய குஃப்த் ஊர்த் தொழிலாளர்கள் ‘துரியா’ என்ற, நம் மம்பட்டி மாதிரியான கருவியோடுதான் வேலை செய்தார்கள். ஈராக்கில் ஆசூர் நகரத்தை 1903 முதல் 1914 வரை வால்டர் ஆண்ட்ரே தோண்டியபோது, பக்கத்து ஷெர்காத் ஊர் ஆட்கள் சின்னக் கைக்கொத்தால் சுடாத பச்சைச் செங்கல் சுவர்களைப் பின்தொடரப் பழகினார்கள். அங்கே சுவரும் மண், அதை மூடியிருப்பதும் மண். நிறம் பெரிதாக வேறுபடாது. கொத்தின் நுனி இறுகிய செங்கலில் படும்போது கைக்குத் தெரியும் வித்தியாசம்தான் வழிகாட்டி. அந்த மண்ணுக்கு அந்தக் கருவி.

கரண்டி வேரூன்றியது பிரிட்டனில். அங்கே பல இடங்களில் சுவரே இருக்காது. மரக்கம்பம் நட்ட குழி, அதில் கம்பம் மக்கிப் போன கறை, இவ்வளவுதான் ஒரு வீட்டுக்குச் சாட்சி. ராக்ஸ்டர் என்ற ரோமானிய நகரத்தில் 1966 முதல் பிலிப் பார்க்கர் நடத்திய அகழாய்வை இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். பொதுக் குளியல் கூடத்தின் பெரிய மண்டபம் இடிந்து கிடந்த இடம் அது. மேலாகக் கிடந்தது வெறும் இடிபாட்டுச் சல்லி என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். அவருடைய குழு பரந்த பரப்பாகத் திறந்து, கரண்டியால் சீவி, கல் கல்லாக வரைந்தது. அந்தச் சல்லி வேண்டுமென்றே நிரவிப் போட்ட மேடைகள் என்றும், ரோமானிய ஆட்சி போன பின் அவற்றின் மேல் மரக்கட்டடங்கள் நின்றிருக்கின்றன என்றும் அப்போதுதான் தெரிந்தது. ஆணி இல்லை, சுவர் இல்லை, கல்வெட்டு இல்லை. ஒரு ஜல்லிப் பரப்பின் ஓரக்கோடுகள் மட்டும்.

இந்தியாவுக்குள் இந்த முறையை ஒழுங்காகக் கொண்டுவந்தவர் மார்ட்டிமர் வீலர். 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர். 1944-இல் தட்சசீலத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்திவிட்டு, 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டுக்கு வந்தார். சதுரம் சதுரமாகக் குழி, நடுவில் வெட்டாமல் விட்ட வரப்பு, வரப்பின் பக்கச்சுவரில் அடுக்கு அடுக்காக எண் அட்டை என்பது அவர் ஏற்பாடு.

அரிக்கமேட்டில் இந்த ஒழுங்குக்குக் கிடைத்த பலன் பெரிது. இத்தாலியில் அரெட்சோவில் செய்த சிவப்புப் பளபளப்புப் பானை ஓடுகள் அங்கே கிடைத்தன. அவை புழக்கத்தில் இருந்த காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும்: கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி வரை. அந்த அடுக்குகளில் வந்த நம் நாட்டு ஓடுகளுக்கும், குறிப்பாக வட்டச் சக்கரப் பதிவு கொண்ட ரௌலட்டட் ஓட்டுக்கும், இதை வைத்து ஒரு காலம் கணக்கிட்டார். 1947-இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் அதே வகை ஓடு வந்தபோது, அங்கிருந்த பெருங்கற்படைச் சின்னங்களின், அதாவது பெரிய கற்களால் அமைத்த பழைய ஈமச்சின்னங்களின், காலத்தையும் அதைக்கொண்டே அளந்தார். ஒரு ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்ற ஒற்றைத் தகவல் அவ்வளவு தூரம் போகிறது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அரிக்கமேட்டில் மறுபடி ஆய்வு செய்து ரௌலட்டட் ஓட்டின் தொடக்கத்தை இன்னும் பின்னுக்கு, கி.மு.வுக்கே, தள்ளினார். அடுக்குகள் பதிவாகியிருந்ததால்தான் முன்னவர் சொன்னதை இப்படித் திருத்தவும் முடிந்தது.

எப்போது எடுக்கக் கூடாது

கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. நம்மூரில் வழக்கமாக 10 மீட்டர் சதுரத்தை நடுவில் வரப்பு விட்டு நான்கு கால்பகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒரு கால்பகுதி 4.5 மீட்டர் சதுரம் என்று வைத்தால் பரப்பு 20 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் 10 செ.மீ. இறக்கினால் 2 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்று எடுத்தால் 3 டன். மண் சுமக்கும் சட்டியான பாண்டுக்கு 15 கிலோ போட்டாலும் 200 பாண்டு. இத்தனையையும் 4 அங்குலக் கரண்டியால் எடுக்கப் பார்ப்பது முறையும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது.

எனவே உழுது கலைந்த மேல்மண், பின்னால் கொட்டிய நிரப்பு மண், ஒரே சீராகப் பல அடி இறங்கும் வண்டல், இவற்றுக்கு மண்வெட்டி. இறுகிய அடுக்கை நெகிழ்த்தக் கைக்கொத்து. அப்படி 5 அல்லது 10 செ.மீ. இறக்கிய பின், பரப்பு முழுவதையும் ஒரு முறை கரண்டியால் சீவி நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறாவிட்டால் திரும்ப மண்வெட்டி. மாறினால் மண்வெட்டி வெளியே போக வேண்டும். அங்கிருந்து கரண்டியின் ராஜ்ஜியம். அனுபவம் என்று சொல்வதில் பாதி இந்த மாற்றத்தைச் சரியான நேரத்தில் செய்வதுதான்.

மறுபக்கமும் எல்லை உண்டு. முதுமக்கள் தாழியின் உட்புறம், எலும்பு, மணிகள், கரிந்த தானியம் ஆகியவற்றை நெருங்கியதும் இரும்பை ஓரமாக வைத்துவிட்டு மூங்கில் குச்சியும் மெல்லிய பிரஷ்ஷும் எடுக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பி, கி.மு. 1155 என்ற முடிவு வந்ததாக 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. தாழி மண்ணை மடமடவென்று வழித்துப் போட்டிருந்தால் அந்த நெல் பாண்டோடு போயிருக்கும்.

சீவும் முறை

முழங்காலுக்கு ஒரு மடித்த சாக்கைப் போட்டு உட்காருங்கள். கைப்பிடியை உள்ளங்கையில் முழுதாக வாங்கிக்கொண்டு, தகட்டின் நீள ஓரம் ஒன்று மண்ணில் படும்படி திருப்புங்கள். நுனி மண்ணைப் பார்க்கக் கூடாது. தகடு தரையோடு 30 முதல் 45 பாகை சாய்ந்திருக்கட்டும். சவரக்கத்தியைக் கன்னத்தில் வைக்கிற சாய்வு. இனி உங்கள் பக்கமாக இழுங்கள். தள்ளக் கூடாது. இழுக்கும்போது மணிக்கட்டு நேராக இருக்க, முழங்கையும் தோளும் வேலை செய்ய வேண்டும். மணிக்கட்டை மட்டும் சொடுக்கிச் சொடுக்கி இழுத்தால் ஒரு வாரத்தில் வீங்கிவிடும்.

ஒரு இழுப்பில் அரை செ.மீ. எடுத்தால் போதும். ஒரு செ.மீ. தாண்டினால் அது சீவல் இல்லை, வெட்டு. தகடு ரொம்பப் படுத்துவிட்டால் மண்ணை எடுக்காமல் மேலே தேய்த்து மெழுகிவிடும். ரொம்ப நிமிர்ந்துவிட்டால் தடதடவென்று துள்ளி வரி வரியாகக் கீறும். சரியான சாய்வில் மண் சுருளாகவோ பொடியாகவோ கழன்று வரும், அடியில் புதுப்பரப்பு மங்கலான பளபளப்போடு தெரியும்.

குழியின் ஒரு பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நகர வேண்டும். பின்னோக்கி என்பதுதான் முக்கியம். சீவிய இடம் முகத்துக்கு முன்னால், சீவாத இடம் முழங்காலுக்கு அடியில். முன்னோக்கிப் போனால் சுத்தம் செய்ததை நாமே மிதித்து அழிக்கிறோம். பலர் சேர்ந்து வேலை செய்தால் ஒரே வரிசையில் தோளோடு தோளாக உட்கார்ந்து, எல்லாரும் ஒரே வேகத்தில் பின்வாங்க வேண்டும். ஒருவர் ஓடிவிட்டால் அவருக்கும் பக்கத்து ஆளுக்கும் இடையில் ஒரு படி விழும். அந்தப் படியில் ஒரு குழியின் ஓரம் ஒளிந்திருந்தால் இருவருக்குமே தெரியாது.

கழன்ற மண்ணை உடனுக்குடன் முறத்தில் அள்ளிப் பாண்டில் போடுங்கள். சீவிய பரப்பில் உதிரிமண் கிடந்தால் நிறம் தெரியாது. பாண்டில் ஒரு நேரத்தில் ஒரே அடுக்கின் மண்தான் இருக்க வேண்டும். சல்லடையில் ஒரு மணி கிடைத்தால் அது எந்த அடுக்குடையது என்று சொல்ல முடிய வேண்டுமே.

காதும் வேலை செய்யும். வண்டலில் கரண்டி சத்தமில்லாமல் போகும். மணல் கலந்தால் சரசரக்கும். ஓட்டில் பட்டால் ஒரு கூர்மையான கிறீச். சுட்ட செங்கலில் அதைவிடத் தடித்த உராய்வு. பார்ப்பதற்கு முன்பே கை நின்றுவிட வேண்டிய சத்தம் அது.

கோடு தெரிந்த பிறகு

புதிதாகச் சீவிய பரப்பில் நிறங்கள் மிகத் தெளிவாக இருப்பது முதல் சில நிமிடங்கள்தான். நம்மூர் வெயிலில் மேலீரம் காய்ந்ததும் எல்லாம் ஒரே வெளிர்சாம்பலாகிவிடும். அதனால் ஓரம் தெரிந்த கணத்திலேயே கரண்டி நுனியால் மெல்லிய கோடு கிழித்து வைத்துவிடுங்கள். நுனிக்கு நியாயமான வேலை இது ஒன்றுதான் என்றே சொல்லலாம். காய்ந்து போனால் கைத்தெளிப்பானால் பனி போல் தண்ணீர் தெளித்தால் நிறம் திரும்பும். ஊற்றினால் சேறாகும். சாய்ந்த வெயில் விழும் காலை முதல் நேரத்தைச் சீவவும் படமெடுக்கவும் ஒதுக்கிவிட்டு, உச்சி வெயிலில் ஓடு கழுவுவது, எழுதுவது என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மாலையில் பரப்பை ஈரச்சாக்கால் மூடிவிட்டுப் போனால் மறுநாள் மண் கரண்டிக்கு இணங்கும்.

இனி, கிடைத்த கறை ஒரு கம்பக்குழி என்று வையுங்கள்: விட்டம் 30 செ.மீ., நிரப்பு மண் கருப்பு. முழுதாக வழித்து எடுக்கக் கூடாது. நடுவே நூல் பிடித்து, பாதியை மட்டும் எடுங்கள். மீதிப் பாதியின் வெட்டுமுகம் நேராக நிற்கும். கம்பம் மக்கிய இடம், அதைச் சுற்றி இறுக்கிய கல், அடியின் வடிவம் எல்லாம் அதில் தெரியும். வரைந்து, படமெடுத்த பிறகுதான் மறுபாதி. உள்ளே இறங்கும்போது நிரப்பு மண்ணை மட்டும் எடுக்க வேண்டும். கரண்டி இறுகிய பழைய மண்ணில் பட்டதும் நிற்க வேண்டும். பல சமயம் நிரப்பு மண் குழியின் சுவரிலிருந்து தானாகவே பிரிந்து விழும். அந்த நேரத்தில் கிடைக்கும் சுத்தமான சுவரை எந்தத் திறமையாலும் செய்து காட்ட முடியாது.

ஓடோ எலும்போ எட்டிப் பார்த்தால் பிடுங்கக் கூடாது. மேலே தெரிவது பாதி. மறுபாதி கீழடுக்கில் புதைந்திருக்கலாம், அப்படியானால் அது கீழடுக்கின் சொத்து. சுற்றிலும் அடுக்கு முழுவதையும் இறக்கிக்கொண்டே வந்தால் பொருள் தானாக விடுபடும். ஒரு பொருளைத் துரத்திக்கொண்டு அதைச் சுற்றி மட்டும் குடைகிற பழக்கம் புதியவர்கள் எல்லாருக்கும் வரும். அந்தக் குடைவு இரண்டு மூன்று அடுக்குகளைத் துளைத்துவிட்டால், அந்தக் குறுகிய இடத்தில் எது எதனோடு சேர்ந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

கரித்துண்டைக் காலக்கணிப்புக்கு எடுக்கும்போது வேறு ஒரு கவனம் வேண்டும். கரண்டியில் மேலடுக்கு மண் ஒட்டியிருக்கும். கழுவித் துடைத்த தகட்டால், விரல் படாமல் எடுத்து, அலுமினியத் தாளில் வைத்து மடிக்க வேண்டும்.

பக்கச்சுவர்

குழியின் செங்குத்துச் சுவர்தான் அடுக்குகளின் சான்றிதழ். தூக்குக்குண்டு தொங்கவிட்டு, கரண்டியை நிமிர்த்திப் பிடித்து, மேலிருந்து கீழே சீவிக்கொண்டு வர வேண்டும். கீழிருந்து தொடங்கினால் மேல்மண் உதிர்ந்து, சுத்தம் செய்த அடிப்பகுதியை மூடிவிடும். நீண்ட, நேரான ஓரம் உள்ள 5 அங்குலக் கரண்டி இங்கே வசதி. மூலைகளுக்குச் சதுர முனைக் கரண்டி இருந்தால் நல்லது. கூர்முனையால் மூலையைத் தோண்டினால் சுவர் உள்வாங்கும். உள்வாங்கிய சுவர் மழை பெய்தால் சரியும், ஆழமான குழியில் ஆள் மேலேயே சரியும். மணற்பாங்கான இடத்தில் அழகுக்காகச் சுவரைச் செங்குத்தாக வைப்பது ஆபத்து. அங்கே சரிவு விட்டோ படி விட்டோதான் இறங்க வேண்டும்.

ஈரக் களிமண் சுவரில் கரண்டி மெழுகிவிடும். ஒரு அடுக்கின் நிறத்தை அடுத்த அடுக்கின் மேல் இழுத்துப் பூசி, எல்லைக்கோடு இல்லாத இடத்தில் கோடும் இருந்த இடத்தில் வெறுமையும் காட்டும். அங்கே கீழ்நோக்கி நீளமாக இழுக்காமல், ஒவ்வொரு அடுக்கையும் அதன் போக்கிலேயே பக்கவாட்டில் சீவுங்கள். அப்படியும் மெழுகினால் ஒரு மணி நேரம் காயவிடுவதுதான் வழி. ஈரமண்ணில் பிரஷ் போடுவது இதைவிட மோசம், எல்லாவற்றையும் ஒரே சாயமாக்கிவிடும்.

கரண்டி செய்த காயத்தைப் பிறகு அடையாளம் காண்பது எளிது. பழைய உடைவில் ஓட்டின் விளிம்பு மங்கி, மண்ணேறி இருக்கும். நாம் உடைத்தது பளிச்சென்று நிறம் மாறி இருக்கும். எலும்பில் புதுக்கீறல் வெளுப்பாக நிற்கும். அதை மறைக்காமல் பையின் சீட்டில் ‘புது உடைவு’ என்று எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் எலும்பில் உள்ள வெட்டைப் பார்த்து, இறைச்சி அறுத்த தடமோ என்று ஆய்வகத்தில் யாராவது மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

வாங்கும்போது

பிரிட்டனில் எல்லார் பையிலும் இருப்பது டபிள்யூ.எச்.எஸ். முத்திரை போட்ட 4 அங்குலக் கரண்டி. வில்லியம் ஹன்ட் அண்ட் சன்ஸ் என்ற பழைய கருவித் தொழிலகத்தின் பெயர் அது. அமெரிக்கர்கள் அயோவா மாநிலத்தில் 1890 முதல் இயங்கும் மார்ஷல்டவுன் நிறுவனத்தின் 5 அங்குலக் கரண்டியைத்தான் கையில் எடுப்பார்கள். முன்னது கட்டை, விறைப்பு. இறுகிய மண்ணுக்கும் கல் கலந்த மண்ணுக்கும் தாங்கும். பின்னது கொஞ்சம் நீளம், கொஞ்சம் வளையும். சமமான பரப்பையும் நேரான சுவரையும் சீவ வாட்டம். எது உசத்தி என்று இரு நாட்டுக்காரர்களும் சண்டை போடுவார்கள். முதல் கரண்டி வாங்குகிறவர் 4 அங்குலத்தையே வாங்குவது நல்லது.

இந்த இரண்டும் இல்லாவிட்டால் ஹார்டுவேர் கடைக் கரண்டியே போதும், பார்த்து வாங்கினால். தகடும் கழுத்தும் ஒரே இரும்பில் அடித்துச் செய்ததா என்று முதலில் பாருங்கள். கழுத்தைத் தனியாக வைத்துப் பற்றவைத்ததோ ரிவெட் அடித்ததோ என்றால், இறுகிய மண்ணில் அந்த இணைப்பிலேயே முறியும். நுனியை மரப்பலகையில் ஊன்றி லேசாக அழுத்துங்கள்: கொஞ்சம் வளைந்து உடனே திரும்ப வேண்டும். வளைந்தபடியே நின்றால் மட்ட இரும்பு. துளியும் வளையாமல் கனமாக இருந்தால் சீவும்போது மண்ணின் தன்மை கைக்குத் தெரியாது. கைப்பிடியும் கழுத்தும் சேரும் இடத்தில் இரும்புப் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். மரப்பிடி வெயிலில் சுருங்கிப் பூண் கழன்றால் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அது ஒரு நாளுக்குத்தான் தாங்கும். ஆளிவிதை எண்ணெயை அவ்வப்போது தேய்த்து வருவது நிலையான வைத்தியம்.

புதுக்கரண்டியின் ஓரம் மொண்ணையாக இருக்கும். சாந்துக்கு அது போதும், மண் சீவப் போதாது. தகட்டைக் குறட்டில் இறுக்கி, தட்டை அரத்தை 45 பாகை சாய்வில் வைத்து, ஒரே திசையில் இழுத்து இரண்டு நீள ஓரங்களையும் தீட்டுங்கள். அரத்தை முன்னும் பின்னும் தேய்த்தால் ஓரம் அலை அலையாகும். கடைசியில் மறுபக்கம் எழும்பும் பிசிறை ஒரு இழுப்பில் எடுத்துவிடுங்கள். கத்தி மாதிரி ஆக்க வேண்டாம். நகத்தில் வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும், அவ்வளவே. நுனியைத் தீட்டவே வேண்டாம்.

சீவாத நேரத்தில் கரண்டியை மண்ணில் குத்தி நிறுத்தும் பழக்கம் கெட்டது; அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வெயிலில் போட்டுவிட்டால் தகடு சுடும். வாளிக்குள் போட்டு வையுங்கள். கைப்பிடியில் சிவப்புத் துணியோ பளிச்சென்ற டேப்போ சுற்றிவிடுங்கள், ஏனென்றால் பாண்டு மண்ணோடு மண்மேட்டுக்குப் போய்விடும் கரண்டிகளுக்குக் கணக்கே இல்லை.

கரண்டி வாங்கியாயிற்று என்று ஊருக்கு வெளியே இருக்கும் மேட்டில் இறங்கிவிட முடியாது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் உரிமம் இல்லாமல் தோண்டுவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சொந்த நிலத்தில் தற்செயலாகப் பழம்பொருள் கிடைத்தாலும், மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அந்தப் பத்து ரூபாய் அன்றைக்குப் பெரிய தொகை. கற்க விரும்புகிறவர்கள் தொல்லியல் துறையோ பல்கலைக்கழகமோ நடத்தும் அகழாய்வில் மாணவராகவோ தொழிலாளராகவோ சேர்வதுதான் வழி. சீவப் பழக மட்டும் என்றால், வீட்டுத் தோட்டத்தில் ஒரு குழி வெட்டிச் சாம்பலும் செம்மண்ணும் போட்டு மூடி, ஒரு மழைக்காலம் விட்டுவிட்டு அதன் ஓரத்தைத் தேடிப் பாருங்கள்.

நாலைந்து ஆண்டு ஓயாமல் உழைத்து, பல முறை அரம் கண்ட கரண்டி, 4 அங்குலத்திலிருந்து இரண்டரை, இரண்டு என்று தேய்ந்துவிடும். அதை எறிய வேண்டாம். விலா எலும்புகளுக்கு நடுவிலும், கம்பக்குழியின் அடியிலும், உறைகிணற்று வளையங்களின் இடுக்கிலும் அதன் அளவுக்குப் புதுக்கரண்டி எதுவும் கிடைக்காது.